ஸ்நார்கெல்: நான்கு சக்கர இயக்க வண்டிக்குத் தேவையா?

நான்கு சக்கர இயக்க வண்டியின் இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்க்கு ஸ்நார்கெல் என்று பெயர். முன் மட்கார்டில் போட்ட துளை வழியாக வெளியே வந்து, முன்கண்ணாடியை ஒட்டிய தூணோடு மேலேறி, கூரை மட்டத்தில் ஒரு தலைப்பகுதியோடு அது முடியும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாதைகளில் ஓடும் லேண்ட் குரூசர், பேட்ரோல், ஹைலக்ஸ் வண்டிகளில் இந்தக் குழாயை எங்கும் காணலாம். இதைப் பொருத்திவிட்டால் எந்த ஆற்றிலும் இறங்கலாம் என்று நம்புவோர் அங்கே நிறையப் பேர். அந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கும். ஸ்நார்கெல் காப்பது இன்ஜினுக்குள் போகும் காற்றை மட்டுமே.

மூச்சுக்குழாயை உயர்த்தும் யோசனை போர்க்களத்தில் வளர்ந்தது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளின் ஷெர்மன் டாங்குகள் பலவற்றில், கடல்நீர் புகாதபடி உயர்ந்த காற்றுப் புகுவாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை ஒருநாள் தேவைக்கானவை. இன்று வண்டிகளில் காணும் ஸ்நார்கெல் நிரந்தரமானது. பெரும்பாலும் வெயிலைத் தாங்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது.

இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்? காற்றை அழுத்திச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. சிலிண்டரில் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால் அதற்குப் போக இடமில்லை; கனெக்டிங் ராட் வளையும், சில நேரம் முறிந்து இன்ஜின் சுவரையே துளைக்கும். ஹைட்ரோலாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 690 மி.லி.; அழுத்த விகிதம் 15.6க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 47 மி.லி. மட்டுமே. மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் அதை நிரப்பிவிடும். டீசல் இன்ஜின்களின் அழுத்த விகிதம் பெட்ரோல் இன்ஜின்களைவிட அதிகம் என்பதால் அவற்றில் மிஞ்சும் இடமும் குறைவு. பல வண்டிகளில் காற்று புகும் வாய் மட்கார்டின் உட்புறத்திலோ முகவிளக்கின் பின்னாலோ இருக்கிறது. ஓடும் வண்டி முன்னால் எழுப்பும் அலை அந்த உயரத்தை எளிதில் எட்டிவிடும். அந்த அலைக்கு எதிரான நல்ல காப்பு ஸ்நார்கெல். அதன் முதல் பயனும் இதுவே.

ஆனால் வண்டி எவ்வளவு ஆழத்தில் போகலாம் என்பதைக் காற்றுக்குழாய் மட்டும் தீர்மானிப்பதில்லை. உற்பத்தியாளர்கள் தரும் எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இப்போதைய ஃபோர்டு ரேஞ்சர் ஸ்நார்கெல் இல்லாமலே 800 மி.மீ. ஆழம் போகலாம் என்கிறது நிறுவனம். இந்தியாவில் தொழிற்சாலையிலிருந்தே ஸ்நார்கெலோடு வரும் ஃபோர்ஸ் கூர்க்காவுக்குச் சொல்லப்படும் எல்லை 700 மி.மீ. ஸ்நார்கெல் இல்லாத மஹிந்திரா தாருக்கு 650, சிறிய சுசுகி ஜிம்னிக்கு வெறும் 300. வெளிக்கடையில் வாங்கிய குழாயைப் பொருத்துவதால் இந்த எண்களில் எதுவும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது.

காரணம், தண்ணீர் புகும் வழிகள் வேறும் உண்டு. நெடுந்தூரம் ஓடிய வண்டியின் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸும் நன்றாகச் சூடேறியிருக்கும். குளிர்ந்த ஆற்றில் திடீரென்று இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருப்பதை உறிஞ்சும். அவற்றில் காற்று போய்வர வைத்திருக்கும் சுவாசத் துவாரம் நீருக்கடியில் இருந்தால் உறிஞ்சப்படுவது தண்ணீர்தான். சில நாள் கழித்து எண்ணெய் பால்காப்பி நிறத்தில் வெளியே வரும். அதற்குள் பேரிங்குகளும் பற்சக்கரங்களும் தேயத் தொடங்கியிருக்கும். இந்தத் துவாரங்களை ரப்பர் குழாய் வைத்துப் பானெட்டுக்குள் உயரமான இடத்துக்கு நீட்டிவிடலாம். ஸ்நார்கெலைவிட மிக மலிவான வேலை இது. ஆற்றைக் கடக்க நினைப்பவர் முதலில் செய்யவேண்டியதும் இதுவே, ஆனால் வெளியே தெரியாத வேலை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். சுழலும் ஃபேனின் இறக்கைகள் நீரில் மோதி முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழிப்பதும், ஆல்டர்னேட்டரும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் நனைந்து பழுதாவதும் ஸ்நார்கெலால் தடுக்க முடியாத வேறு விபத்துகள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், வண்டி மிதப்பது. சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுக்கூடம் முழு அளவு வண்டிகளையே தண்ணீரில் நிறுத்திச் சோதித்தது. சுமார் 1 டன் எடையுள்ள டொயோட்டா யாரிஸ், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் 15 செ.மீ. நீரிலேயே நகர்ந்தது. 2.5 டன் எடையுள்ள நிசான் பேட்ரோல், அதே அளவு வேகத்தில் ஓடும் 45 செ.மீ. நீரில் நிலைகுலையத் தொடங்கியது. ஆழம் 95 செ.மீ. ஆனதும் அது முழுதாக மிதந்தது. சிறிது தள்ளினாலே போதும், நகர்ந்துவிடும். நொடிக்கு 1 மீட்டர் என்பது மனிதர் மெல்ல நடக்கும் வேகம்தான். மிதக்கும் நிலையில் இன்ஜின் தடையில்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும், ஆனால் சக்கரம் தரையைத் தொடாது.

வட ஆஸ்திரேலியாவில் காக்கடு தேசியப் பூங்காவுக்கும் ஆர்ன்ஹெம் நிலத்துக்கும் இடையே ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றில் இருக்கும் கேஹில்ஸ் கிராசிங் இதற்கு நல்ல பாடம். அது தாழ்வான ஒரு தரைப்பாலம். கடலின் ஏற்றவற்றம் அங்கேவரை எட்டுவதால் நீரின் ஆழமும் விசையும் மணிக்கு மணி மாறும். சுற்றிலும் உவர்நீர் முதலைகள். எனவே இறங்கி நடந்து ஆழம் பார்க்க வழியில்லை. ஸ்நார்கெல் வைத்த வண்டிகளும் அங்கே அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றன. அங்கே வண்டியைக் காப்பது ஏற்றவற்ற அட்டவணையும், கரையில் காத்திருக்கும் பொறுமையும்தான்.

ஸ்நார்கெல் தன் மதிப்பைக் காட்டும் இடமும் அதே நாட்டில் இருக்கிறது. கேப் யார்க் தீபகற்பத்தில், 19ஆம் நூற்றாண்டில் தந்திக்கம்பி இழுத்த தடத்தை ஒட்டிச் செல்லும் பழைய தந்திப் பாதை ஓடை ஓடையாக வண்டியை இறக்கி ஏற்றும். அதன் வடபகுதியிலுள்ள நோலன்ஸ் புரூக் ஓடை இன்ஜின்களை மூழ்கடிப்பதில் பேர்போனது. மணல் அடியும் செங்குத்தான கரையும் கொண்ட இத்தகைய ஓடைகளில், வண்டி இறங்கும் கணத்தில் மூக்கு தாழ்ந்து பானெட்மேல் நீர் புரளும். நீரோட்டம் மெதுவாக இருக்கிறது, ஆழம் நடந்து பார்த்தாயிற்று, அக்கரை ஏறத் தடம் நன்றாக இருக்கிறது என்று உறுதியானபின் இறங்குகிறவருக்கு அந்தச் சில நொடிகளில் ஸ்நார்கெல் பெரும் துணை.

தண்ணீரே இல்லாத இடத்திலும் அதற்கு வேலை உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளைத் தாண்டிச் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கும் வண்டிகளில் ஸ்நார்கெல் ஏன்? புழுதிக்காக. மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பேர்ட்ஸ்வில் பாதை போன்ற மண்சாலைகளில், முன்சக்கரம் வாரியிறைக்கும் புழுதி நேராக மட்கார்டுக்குள் போகிறது. காற்று புகும் வாயும் அங்கேதான். வடிகட்டி அடைத்தால் இழுவை குறையும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். வடிகட்டியைத் தாண்டும் நுண்துகள் டர்போவையும் சிலிண்டர் சுவரையும் அரிக்கும். கூரை உயரத்தில் புழுதி குறைவு. காற்றைச் சுழற்றிக் கனமான துகளை வெளியே வீசும் முன்வடிகட்டித் தலையைப் பொருத்தினால் பயன் இன்னும் அதிகம். ஆற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவரும் புழுதியை அன்றாடம் பார்ப்பார் என்பதால், பலருக்கு இதுவே வலுவான காரணம். முன்னே போகும் லாரியின் வாலைப் பிடித்து ஓட்டினால் கூரை உயரமும் காப்பாற்றாது. இடைவெளி விட்டு ஓட்டத்தான் வேண்டும்.

குளிர்ந்த காற்று கிடைப்பதால் இழுவையும் மைலேஜும் கூடும் என்ற விளம்பரப் பேச்சை நம்பிப் பணம் போட வேண்டியதில்லை. மட்கார்டிலிருந்து இழுக்கும் வண்டிக்கு ஏற்கெனவே வெளிக்காற்றுதான் கிடைக்கிறது. மாறாக, ஓட்டுநர் காதருகே சீறும் ஒலி, தூணோரத்தில் சற்றே மறையும் பார்வை, மட்கார்டில் திருப்ப முடியாத ஒரு பெரிய துளை ஆகியவை கூடவே வரும். துளையின் விளிம்புக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்காமல் விட்டால் அங்கிருந்து துரு கிளம்பும். புது வண்டி என்றால் உத்தரவாத நிபந்தனைகளை முன்னதாகவே படித்துவிட வேண்டும்.

ஆகவே நகரத்தில் ஓடி, விடுமுறைக்கு மட்டும் சரளைச் சாலை பார்க்கும் வண்டிக்கு ஸ்நார்கெல் வீண் செலவு. மண்சாலையில் நாள்தோறும் ஓடுவதற்கும், ஓடைகள் நிறைந்த நெடும்பயணத்துக்கும் அது தகும், சுவாசக் குழாய்களை நீட்டிய பிறகு. வெள்ளம் ஓடும் சாலையைக் கடப்பதற்காக என்றால் எந்த வண்டிக்கும் வேண்டாம். அங்கே திரும்பிப் போவதுதான் ஒரே வழி.

பொருத்த முடிவெடுத்தவர் ஒன்றை மறக்கக் கூடாது. வெளியே தெரியும் குழாயைவிட உள்ளே இருக்கும் இணைப்புகளே முக்கியம். மலிவுக் குழாய்களில் மூட்டு கசியும். காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் கீழிருந்தே ஏறும். அப்படி விட்ட ஸ்நார்கெல் வெறும் அலங்காரம். பொருத்திய கடையிலேயே, இன்ஜின் மெதுவாக ஓடும்போது குழாயின் தலையைத் தடித்த தகடு ஒன்றால் மூடிக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் திணறி நின்றால் மூட்டுகள் இறுக்கம். நிற்காமல் ஓடினால் வேறெங்கிருந்தோ காற்று புகுகிறது. அந்த வழியாகத் தண்ணீரும் புகும். அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள். ஆற்றின் நடுவே எப்போதாவது இன்ஜின் நின்றுபோனால், மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். கனெக்டிங் ராட் வளைவது பலமுறை அந்த இரண்டாவது முயற்சியில்தான்.