ஊதாரி மைந்தன் உவமை
லூக்கா நற்செய்தியில் (15:11–32) இயேசு கூறும் உவமை. தமிழில் ‘கெட்ட குமாரன் கதை’ என்றும் வழங்கும். பாவிகளோடு அவர் பந்தியமர்ந்ததைக் குறித்து யூத சமயப் பிரிவினரான பரிசேயர் முணுமுணுத்ததே இதற்குத் தூண்டுதல். தகப்பன் உயிரோடிருக்கையிலேயே பாகம் பிரித்து வாங்கிச் சொத்தை அழித்த இளையவன், யூதர் தீட்டாகக் கருதும் பன்றிகளை மேய்க்கும் நிலைக்கு இறங்குகிறான். பசி தாளாமல் திரும்புகிறவனைத் தொலைவிலேயே கண்டு தகப்பன் ஓடிவருகிறார். கூலியாளாகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க அவன் மனத்தில் கோத்துவைத்த பேச்சு முடியுமுன்பே மேலாடை, மோதிரம், செருப்பு எல்லாவற்றுக்கும் உத்தரவு பிறந்துவிடுகிறது. நிபந்தனையற்ற அன்புக்கு இதைவிடத் துல்லியமான காட்சி நற்செய்திகளில் அரிது. கொழுத்த கன்றை அடித்து விருந்து வைத்ததில் மூத்தவனுக்குக் கோபம். அவனையும் தகப்பனே வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்பதை லூக்கா சொல்லவில்லை.