அலெக்ஸாந்திரியாவும் அதன் கால்வாயும்

பெருநகரங்களின் சரித்திரத்தை வரைவோர், அவற்றை நிறுவிய வேந்தரையும் வென்ற சேனாபதிகளையும் விரித்துரைப்பர். அந்நகரத்தார் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதற்கு வழி வெட்டினவர் யாவர் என்பதையோ ஒரு வரியில் முடித்துவிடுவர். மத்தியதரைக் கடலோரத்துப் பழைய வாணிபப் பட்டினமாகிய அலெக்ஸாந்திரியாவின் வரலாற்றை நாம் அவ்வொரு வரியைப் பற்றிக்கொண்டே ஆராய்வோம்.

கி.மு. 331-ல் மாசிடோனிய வேந்தன் அலெக்ஸாந்தர் எகிப்தின் கரையில் இந்நகருக்குக் கால்கோள் செய்தான். எதிரேயிருந்த பாரோஸ் தீவைக் கரையோடு இணைத்து அணை கட்டவே, அதன் இருபுறத்தும் இரண்டு துறைமுகங்கள் அமைந்தன. பின்னர் ஆண்ட தாலமி மரபினர் உலகப் புகழ் பெற்ற கலங்கரை விளக்கத்தையும் நூல்நிலையத்தையும் எழுப்பினர். பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ் அந்நூல்நிலையத்தின் தலைவராய் இருந்தவரே. எனினும் அங்கு மழை குறைவு. நைல் நதியும் தொலைவில் உள்ளது. ஆதலின் நைலின் கிளையொன்றிலிருந்து கால்வாய் வெட்டி, அந்நீரை நிலத்தடித் தொட்டிகளில் தேக்கிப் பருகினர். சரக்குப் படகுகளும் அவ்வழியே வந்தன.

கி.மு. 30-ல் எகிப்து ரோமர் வசமாயிற்று. சேர நாட்டு முசிறியிலிருந்து மிளகும் தந்தமும் ஏற்றிய கப்பல்கள் செங்கடலை அடையும். அங்கிருந்து ஒட்டகங்கள் பாலைவனத்தைக் கடந்து சரக்கை நைல் கரையில் சேர்க்கும். படகுகள் அதனை அலெக்ஸாந்திரியாவுக்குக் கொண்டு செல்லும். அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம் எடுக்கப்பட்டது. முசிறி வாணிபம் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று இன்றும் வியன்னா நகரில் இருக்கின்றது. செங்கடல் துறைகளில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. நம் முன்னோர்க்கும் இப்பட்டினத்துக்கும் இருந்த தொடர்பு கட்டுக்கதை அன்று.

கி.பி. 642-ல் நகரம் அராபியர் கைக்கு வந்தது. தலைநகர் உள்நாட்டுக்கு மாறிற்று. அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் கால்வாய் பன்முறை தூர்ந்தது. தூர் வாரியபோதெல்லாம் வாணிபம் தழைத்தது. வெனிஸ் வணிகர் மிளகு வாங்க அங்கே குழுமினர். 1498-ல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கள்ளிக்கோட்டை சேர்ந்தான். மிளகுக்கு மற்றொரு வழி திறந்தது. பின்னர்க் கால்வாயும் கவனிப்பாரின்றி மண்மூடியது. 1798-ல் நெப்போலியன் வந்திறங்கியபோது அங்கே சில ஆயிரம் மக்களே எஞ்சியிருந்தனர்.

அந்நகரம் மீண்டும் எழுந்தது எவ்வாறு? எகிப்தை ஆண்ட முகம்மது அலி 1817-ல் புதுக் கால்வாய் வெட்டக் கட்டளையிட்டான். கிராமங்களிலிருந்து உழவரை லட்சக்கணக்கில் கட்டாய ஊழியத்துக்கு ஓட்டி வந்தனர். கருவிகள் போதாமையால் பலர் வெறுங்கையால் மண் அள்ளினர். பசியாலும் தாகத்தாலும் களைப்பாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1820-ல் கால்வாய் முடிந்தது. நைல் நீர் நகருக்குள் பாய்ந்தது. பருத்தி மூட்டைகள் படகேறி வந்தன. பல தேசத்து வணிகர் மாளிகை கட்டினர். 1882-ல் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் குண்டு பொழிந்த காலத்தில் அது இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரமாய் இருந்தது. 1956-ல் சூயஸ் கால்வாய் எகிப்து மக்களின் உடைமை என்று நாசர் முழங்கியதும் இந்நகரத்துச் சதுக்கத்திலேதான். அன்று அவர் சூயஸ் கால்வாய் வெட்டி மடிந்த தொழிலாளரை நினைவூட்டினார்.

நகரம் அலெக்ஸாந்தரின் பெயரைத் தாங்குகின்றது. 1820-ல் முடிந்த கால்வாய்க்கோ துருக்கிச் சுல்தான் மஹ்மூதின் பெயர் இடப்பட்டது. அவ்விருவரும் ஒரு கூடை மண் சுமந்தவரல்லர். சுமந்து மாண்டவரின் பெயரைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை. நகரினுள்ளே ஓடிய அக்கால்வாயின் பகுதியும் அண்மையில் மூடப்பட்டு, 2020-ல் அதன்மேல் பெருஞ்சாலை திறக்கப்பட்டது. இனி எந்த நகரத்தின் பெருமையைப் படித்தாலும், அதற்குத் தண்ணீர் கொணர்ந்தவர் யார் என்று நேயர்கள் முதலில் வினவுவார்களாக.