வீட்டுப் பிரச்சினைக்கு வெளியே திறந்த கதவுகள்



மாத்தளை மாவட்டத்தில் எங்கள் வகுப்பறைகளில் சில பிள்ளைகள் காலையிலேயே மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிடுவார்கள். கேட்டால், "ராவு வீட்டுல சண்டை, டீச்சர்" என்பார்கள். அடி வாங்கியது உம்மா. தூக்கம் போனது பிள்ளைக்கு. இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவி வந்த வரலாற்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நீண்ட காலம் எமக்கு இரண்டு வழிகளே தெரிந்திருந்தன: பள்ளிவாசல் நிர்வாகத்தின் சமரசம், காதி நீதிமன்றம். சமரசம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது உண்மை. அடிக்குப் பயந்து வந்தவளை "ஸப்ர் செய்யுங்கள்" என்று அதே வீட்டுக்கு அனுப்பியதும் உண்மை. காதியார் கொடுமையைக் காரணமாக ஏற்று பஸ்ஹ் வழங்கலாம். ஆனால் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

1987இல் கொழும்பில் 'விமன் இன் நீட்' அமைப்பு தொடங்கி, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆலோசனையும் சட்ட உதவியும் கொடுத்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவர்களைக் கொடுமைப்படுத்துவது தனிக் குற்றமானது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது.

பெரிய மாற்றம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதுவரை இரவில் பிள்ளைகளோடு வெளியேறியது உம்மாதான். இச்சட்டத்தின்படி, அடித்தவர் வீட்டுக்குள் வருவதையே நீதவான் தடுக்கலாம். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். இது எல்லா மதத்தவருக்கும் பொதுவான சட்டம். முக்கியமாக, இது தலாக் அல்ல. நிக்காஹ் அப்படியே இருக்கும். அடி மட்டுமே நிறுத்தப்படும். "குடும்பம் உடைந்துவிடும்" என்று தயங்குவோர் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

2007இல் மாத்தறை வைத்தியசாலையில் முதலாவது 'மிதுரு பியச' ஆரம்பமானது. தமிழில் 'நட்பு நிலையம்' எனப்படும் இது பின்னர் வேறு அரச வைத்தியசாலைகளுக்கும் பரவியது. காயத்துக்கு மருந்து கட்டும் இடத்திலேயே மனம்விட்டுப் பேசவும் ஓர் இடம் கிடைத்தது.

நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியர் எவரையும் கையால் அடித்ததில்லை என ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். அந்த ஸுன்னாவைச் சொல்லும் மிம்பருக்குப் பக்கத்திலேயே இரண்டு இலக்கங்களை ஒட்டிவைப்போம்: பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்.

சமரசம் பேசுவோம், தப்பில்லை. அதற்கு முன் அன்றிரவு அந்தப் பிள்ளை பயமில்லாமல் தூங்க வழிசெய்வோம்.