பாயிண்டிலிருந்து பற்சக்கரத்துக்கு

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி விழவேண்டிய கணத்தைத் தீர்மானிப்பது, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்‌ஷாஃப்ட் அப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே. எனினும் அக்கோணத்தை அத்தண்டிடமே கேட்டறியும் வழி கார்களுக்கு வாய்க்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1910-ஐ ஒட்டி அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் கெடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி-காயில் முறையில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டோடு இணைந்து டிஸ்ட்ரிபியூட்டர் சுழலும். அதனுள் இருக்கும் சிறு கேம், பட்டறைகளில் ‘பாயிண்ட்’ எனப்படும் இரு தொடுமுனைகளைப் பிரிக்கும்போது காயிலில் மின்னோட்டம் அறுந்து பிளக்கில் பொறி பறக்கும். முனைகளுக்கிடையே ஏறத்தாழ 0.4 மி.மீ. இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்து மெக்கானிக் சரிசெய்வார். கேமில் உரசும் ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி குறுகி, பொறி பிந்தி, வண்டியின் இழுவை குன்றும். போதாக்குறைக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்‌ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், அங்கே நேரும் 1 பாகைப் பிழை இங்கே 2 பாகையாகிவிடும். இத்தனை பேர் வாய் மாறி வந்த சேதியை நம்பித்தான் எஞ்சின்கள் ஓடின.

1970-இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம் புகைக்கு வரம்பிட்ட பின் இந்தத் தளர்ச்சி பொறுக்கத்தக்கதாக இல்லை. பாயிண்டின் இடத்தில் காந்தச் சுருள் வந்தும் அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருந்தவரை பழைய குறை பாதிதான் தீர்ந்தது. 1977-இல் ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ காரில் உணரி (சென்சார்) கிராங்க்‌ஷாஃப்டின் முனைக்கே நகர்ந்தது. 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்த போஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், ஸ்டார்ட்டர் மோட்டாருக்காக ஃபிளைவீலில் ஏற்கெனவே இருந்த பற்களையே எண்ணிக்கொண்டது சிக்கனமான உத்தி.

பின்னர் பரவலான பற்சக்கரம் 60 பற்களுக்கு உரியது. அதில் 2 பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சென்சாரின் முன் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழ, 6 பாகைக்கு ஒன்றாகக் கணினி அவற்றை எண்ணி வேகத்தை அறியும். பல் இல்லாத இடத்தில் துடிப்பு தவறுவதே சுற்றின் தொடக்கக் குறி. நிமிடத்துக்கு 6000 சுற்றில் 1 பாகை கடக்க ஆகும் நேரம் விநாடியில் 36,000-இல் ஒரு பங்கு.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சிக்குக் கிராங்க்‌ஷாஃப்ட் இருமுறை சுற்றுவதால், மேலேறும் பிஸ்டன் கலவையை அழுத்துகிறதா, புகையைத் தள்ளுகிறதா என்பதை மட்டும் இச்சென்சாரால் சொல்ல இயலாது. அதற்குக் கேம்ஷாஃப்டில் இன்னொரு சென்சார் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு சிலிண்டரில் பொறி பற்றாமல் போனால் அடுத்த சில பற்கள் மிக நுண்ணிய அளவு தாமதமாக வருவதைக் கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார் பிடித்துவிடும். 1996 முதல் அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயமான சுயகண்காணிப்பு முறை, டிஸ்ட்ரிபியூட்டர் ஒருபோதும் செய்திராத இந்த வேலையையும் அதன் தலையில் ஏற்றியது.