மக்கள் பூங்காவும் சென்னை நகரப் பொழுதுபோக்கின் மாற்றமும்

நகரப் பசுமைவெளிகள் குறைவதற்குத் தனியார் ஆக்கிரமிப்பே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. சென்னை மக்கள் பூங்காவின் வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் காலத்தில், 1859இல், கறுப்பர் நகரத்திற்கு மேற்கே 116 ஏக்கர் பரப்பில் இப்பூங்கா உருவாக்கப்பட்டது. தோட்ட வீடுகளில் வாழ்ந்த ஐரோப்பியர்க்குத் திறந்தவெளி குறைவற்றிருந்தது. நெருக்கமான தெருக்களில் வாழ்ந்தோர்க்கு அது அரிதாக இருந்தது. நடந்து சென்றடையும் தொலைவில் குளமும் நிழலும் கிடைத்ததே பூங்காவின் சிறப்பாகும்.

1860களில் விலங்குக் காட்சிசாலை இங்கு இடம்பெயர்ந்தது. மக்கள் வழக்கில் அது ‘உயிர்க் காலேஜ்’ ஆயிற்று. எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ எனப்பட்டது. உலாவுதலோடு காட்சி காணுதலும் பொழுதுபோக்காயிற்று. ஆண்டிறுதிச் சந்தைக்குப் பெருங்கூட்டம் திரண்டது. 1886 டிசம்பர் 31இல் அச்சந்தையில் நேர்ந்த தீவிபத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டமை அக்கூட்டத்தின் அளவையும் உணர்த்துகிறது.

இதன்பின் பூங்கா நிலத்தில் கட்டடங்கள் பெருகின. 1880களில் விக்டோரியா பொது மண்டபமும், 1900இல் மூர் மார்க்கெட்டும், 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையும் திறக்கப்பட்டன. பின்னர் விளையாட்டரங்கமும் இடம்பெற்றது. இவற்றால் பொழுதுபோக்கு அழியவில்லை. அதன் இயல்பு மாறியது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை விக்டோரியா மண்டபத்தில் நாடகங்கள் நிகழ்த்தியது. மூர் மார்க்கெட்டில் பழைய நூல்களைத் தேடுவது பலருக்கு மாலைப் பொழுதாயிற்று. எனினும், காசின்றி, காரணமின்றி அமர்ந்திருக்கும் உரிமை சுருங்கியது. உலாவியவர் பார்வையாளராகவும் நுகர்வோராகவும் மாறினார்.

1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அதே ஆண்டில் விலங்குக் காட்சிசாலை வண்டலூரில் புதிய வளாகத்தில் திறக்கப்பட்டது. விலங்குகளுக்கு விரிந்த வெளி தேவைப்பட்டதால் இம்மாற்றம் நியாயமானதே. ஆயினும் வடசென்னைக் குடும்பங்களுக்கு மாலைநேர நடையாக இருந்தது, ஒரு முழுநாள் பயணமாயிற்று.

இங்கு நிலத்தைப் பெற்றவை பெரும்பாலும் பொது நிறுவனங்களே. ஒவ்வொன்றும் பொதுப்பயனைக் காரணமாகக் கொண்டது. கட்டடம் எழாத நிலத்தைப் ‘பயன்படாத நிலம்’ எனக் கணிக்கும் நிர்வாகப் பார்வையே பூங்காவைச் சிறுகச் சிறுகக் கரைத்தது எனலாம். ‘பூங்கா நகர்’ என்னும் பெயர் நிலைத்திருக்க, பூங்கா பெருமளவு மறைந்துவிட்டது. ஆதலின் பசுமைவெளியை அளவிடும் ஆய்வுகள் ஏக்கர் கணக்கோடு நின்றுவிடாமல், அவ்வெளியில் எவர், எவ்விதக் கட்டணமுமின்றி, எவ்வளவு எளிதாகச் சென்றமர இயலும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.