ஒளியில் புலப்படும் உட்தகைவு

மைசூர் விஜயநகரை அடுத்த ஹெப்பாள் தொழிற்பேட்டையில், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிலையமாகிய ‘சிப்பெட்’டின் கிளையொன்று இருக்கிறது. அதன் தாய் நிலையம் 1968-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றியது. இத்தகைய நிலையங்களின் பணிகளுள் ஒன்று, வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கில் மறைந்திருக்கும் குறையை ஆராய்வது.

உருகிய பிளாஸ்டிக்கை அச்சினுள் அழுத்திச் செலுத்தும் பொறிக்கு அமெரிக்காவின் ஹையட் சகோதரர்கள் 1872-ல் காப்புரிமை பெற்றனர். அச்சின் குளிர்ந்த சுவரைத் தொடும் மேற்புறம் முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதியோ பின்னரே குளிர்ந்து சுருங்க முற்படுகிறது. இறுகிய மேற்புறம் அதைத் தடுக்கிறது. இவ்வாறு உள்ளே இழுவிசையும் வெளியே அமுக்கமும் நிலைத்துவிடுகின்றன. இதுவே எஞ்சிய தகைவு. யாதொரு சுமையும் ஏற்றாத பொருள் ஒருநாள் கோணுவதற்கும், எண்ணெயோ கரைப்பானோ பட்டதும் விரிசல் காண்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

கண்ணுக்குப் புலப்படாத இதனை அளப்பது எவ்வாறு? வழி ஒளியியலிலிருந்து வந்தது. அழுத்தப்பட்ட கண்ணாடி, ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் வண்ணங்களைக் காட்டும் என்பதை டேவிட் புரூஸ்டர் 1816-ல் வெளியிட்டார். இருபது வயதும் நிரம்பாத மாக்ஸ்வெல், ஜெல்லியை முறுக்கி அதனுள் எழும் தகைவை வண்ணக் கோலங்களாகக் கண்டு 1850-ல் விளக்கினார். திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1944-ல் ரெண்டாலுடன் சேர்ந்து, வைரங்களின் உள்விகாரத்தை இதே ஒளிக்கோலங்களால் ஆராய்ந்தார். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பணியாற்றிய பேராசிரியர் கே. இராமேஷ், இக்கோலங்களைக் கணிப்பொறியால் அளவிடும் முறை குறித்து 2000-ல் நூல் வெளியிட்டார்.

ஆயினும் வண்ணத்தை மட்டும் நம்புதல் ஆகாது. அச்சினுள் பாயும்போது பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் ஒரு திசையில் அணிவகுப்பதாலும் அதே வண்ணங்கள் எழக்கூடும். ஒளி ஊடுருவாப் பொருளிலோ இம்முறை பயன்படாது. அங்கே வேறொரு வழி உண்டு: மேற்புறத்தை மெல்லிய அடுக்குகளாகச் சீவி, எஞ்சிய தகடு வளையும் அளவிலிருந்து தகைவைக் கணக்கிடலாம். உலோகத் தகடுகளுக்காக டிரூட்டிங், ரீட் என்னும் இருவர் 1951-ல் வகுத்த இம்முறை பின்னர் பிளாஸ்டிக்கிற்கும் வந்தது. ஆனால் அளக்கும் பொருளையே அது அழித்துவிடும்.

அளவு தெரிந்தால் பரிகாரமும் தெரியும். அச்சின் வெப்பத்தை உயர்த்துதல், அழுத்தத்தைச் சீராக்குதல், வார்த்த பொருளை மிதமாகச் சூடேற்றி மெல்ல ஆறவிடுதல் ஆகியவை தகைவைத் தணிக்கும். மருத்துவக் கருவியிலும் மின்சாதனத்திலும் உறுப்பாக அமையும் சிறு பிளாஸ்டிக் துண்டின் நம்பகத்தன்மை, அது அச்சினுள் ஆறிய அச்சில கணங்களிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது.