விமானத்தில் மின்னல் தாக்குதல்

பறக்கும் விமானத்தின் வழியே மின்னலோட்டம் பாய்ந்து வெளியேறும் நிகழ்வு. பெரும்பாலும் மின்னேறிய மேகத்தில் நுழையும் விமானமே மின்னலைத் தூண்டுகிறது. மூக்கு, இறக்கை நுனி போன்ற முனையொன்றில் நுழையும் மின்சாரம் அலுமினிய மேற்தகட்டில் பரவி வேறொரு முனையில் வெளியேறும். உள்ளிருப்போருக்கு ஊறு நேர்வது அரிது. தகட்டில் உருகிய சிறு குழிகளும் கருகல் தடங்களும் எஞ்சும். போயிங் 787 போன்ற கரியிழை விமானங்களின் மேற்பரப்பில் மின்னலோட்டம் பரவிச்செல்ல உலோக வலை பதிக்கப்படுகிறது.

மழைத்துளி, பனித்துகள், தூசி உரசிச் சேரும் நிலைமின்னேற்றம் வேறு. அது வானொலியில் இரைச்சல் உண்டாக்கும். இறக்கையின் பின்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குச்சிகள் அதைக் காற்றில் கசியவிடுகின்றன. இவற்றை மின்னல் தடுப்பிகள் எனக் கருதுவது தவறு.

மின்னல் தாக்குதல் அரிதாகப் பேரழிவிலும் முடிந்துள்ளது: 1963 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் எல்க்டன் அருகே பான் ஆம் 214 விமானத்தின் இறக்கைத் தொட்டியில் எரிபொருள் ஆவி மின்னலால் வெடித்து, அதிலிருந்த 81 பேரும் இறந்தனர்.